இரண்டரை மணித்தியாலம்

சொதியில் உப்புக் கூடிவிட்டது.
களுதாவளையில் காலை ஐந்தேகால்.
குவைத்தில் உனக்கு இன்னும் சாமம்.
"லோஜினி, உப்புக் கூடிற்று, என்ன செய்யிற?"
குரலை அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்தேன்.
ஒரேயொரு சரிக்குறி.

ஆறே முக்காலுக்குப் பிள்ளைகளின் பஸ்.
பாதித் தேங்காய் கிடந்தது. திருவிப் பிழிந்து ஊற்றினேன்,
அரைத் தேசிக்காயும் விட்டேன்.
சொதி இரண்டு மடங்காயிற்று,
உப்பு அசையாமல் நின்றது.
"அப்பா, கடலையா காய்ச்சின?" என்றாள் ஜதுர்சிகா.
இடியப்பத்தைச் சீனி தொட்டுத் தின்றார்கள்.
சீனிக்குள் எறும்பு.

உன் பதில் வரும்போது எட்டரை.
கிசுகிசுத்த குரல், பின்னால் மேடத்தின் குழாய் ஓடுகிறது:
"உருளைக்கிழங்கு ஒண்டை ரெண்டாப் பிளந்து போடுங்க.
மறுகா அதை வீசிப்போடாதீங்க,
சோத்தோட நல்லா இருக்கும்."
நான் ஆட்டோவோடு கல்லாற்றுப் பாலத்தில்,
முன்னால் சிமெந்து லொறி.
இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டேன்.
பின்சீட்டில் இருந்த டீச்சர் சொன்னா,
"கிழங்கு சரிவரும் தம்பி."

வீட்டுறுதி உன் பெயரில். உன் சீதன வீடு.
அதன் குசினியில் பன்னிரண்டு வருஷம்
தேத்தண்ணிக்கு மட்டும் எட்டிப் பார்த்த விருந்தாளி நான்.
இப்போது எந்த டின்னுக்குள் எது என்று தெரியும்.
மல்லி என்று எழுதியதில் சீரகம்.
சீரகம் என்று எழுதியதில்
கரண்ட் பில்.

காஸ் ரெகுலேட்டர் சீறிய நாள்
உன்னைக் கேட்கவில்லை.
மூடிவிட்டு, யன்னலைத் திறந்துவிட்டு,
சவர்க்கார நுரை பூசித் திரும்பத் திறந்து பார்த்தேன்.
கழுத்தடியில் ஒரு குமிழ் ஊதி உடைந்தது.
வாஷர் வெடித்திருந்தது.
கடைக்காரன் புதிதை உள்ளங்கையில் வைத்துச் சொன்னான்,
"இவ்வளவுதான் அண்ணே."

கெளுத்தி வழுக்கியது. மச்சாள் வீட்டுச் சாம்பல் ஒரு சிரட்டை.
அன்று இரவே சிங்க் அடைத்துக்கொண்டது.
கீழே படுத்து, வளைந்த பைப்பைக் கழற்றினேன்.
முகத்தில் ஊற்றியது நாலு நாள் தண்ணீர்.
சோறு, செதில், சோடா மூடி,
அப்புறம் உன் தோட்டுச் சுரை.

மச்சாளின் மகள் வந்துபோன அன்று காணாமற் போனது.
நாங்கள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலே அவள் வருவதை நிறுத்தினாள்.
சுரையைக் கழுவிக் கடுகு டின்னுக்குள் போட்டேன்.
கெளுத்திக் கறியில் பெரிய கோப்பையொன்று
வேலிக்கு மேலால் கொடுத்தேன்.
"என்ன விசேஷம்கா?" என்றா மச்சாள்.
"கூடிப்போயிற்று" என்றேன்.
மறுநாள் கோப்பையைக் கொண்டுவந்தது மகள்தான்.
உள்ளே நாலு வெண்டைக்காய்.
இதை உனக்கு எப்படிச் சொல்வதென்று
இன்னும் தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் மூன்று பத்துக்கு உன் குரல்,
நடுங்கிக்கொண்டு:
"மேடத்துக்குப் பத்துப் பேர் விருந்து.
சோறு அடிப்பிடிச்சிற்று. என்ன செய்யிற?"

ஆட்டோவை ஓரங்கட்டினேன்.
"கிண்டாத. சுரண்டாத.
மேல்சோத்தை மட்டும் வேற சட்டிக்கு மாத்து.
பாண் துண்டு ஒண்டை மேல வெச்சி மூடு,
பத்து நிமிஷம்.
கருகல் மணத்தைப் பாண் குடிச்சிரும்."

எத்தனை இரவு இங்கே பாண் குடித்தது என்று
உனக்குத் தெரியாது.
"உங்களுக்கு ஆர் சொல்லித் தந்த?" என்றாய்.
நான் வாய் திறக்குமுன் அடுத்தது வந்தது:
"இங்க பாண் இல்ல. குப்பூஸ் இருக்கு. அது குடிக்குமா?"

அது எனக்குத் தெரியாது.
"வெச்சிப் பார்" என்றேன்.
இரண்டு நீலச் சரிக்குறி.

வீட்டுக்கு வந்து சீனி டின்னை
வெயிலில் கொட்டிப் பரப்பினேன்.
எறும்புகள் ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின.
நான் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.