வழக்கம்போல்

கோத்தகிரி தேயிலை ஃபேக்டரி.
உலர்த்தியில் ஒட்டிய தாளின் மூன்றாம் வரி:
"சூடு ஏறியதும் வழக்கம்போல் திறக்கவும்."

சேர்ந்து நாலு நாளான ரெக்சலின் கேட்டாள்,
"எது வழக்கம்?"

போஜன் சிரித்தான்:
"எழுதித்தானே இருக்கு. படிக்கத் தெரியாதா?"
நானும் சிரித்துவைத்தேன்.

இரவு ஷிப்ட். கண்ணாடிக்கு வெளியே மஞ்சு.
தாளை முதல்முறையாகப் படித்தேன்.
எதைத் திறக்க?
எத்தனை டிகிரியில்?
பதினோரு வருஷமாய்
என் இடக்கைக்குத் தெரிந்த ஒன்றை
தாளிடம் நான் சொல்லவே இல்லை.

விடிந்ததும் அவளிடம் போனேன்.
"அதை எழுதினது நான்தான்.
எனக்கே புரியலை.
எங்கெங்கே இடறுதுன்னு
கொஞ்சம் குறிச்சுத் தர்றியா?"

பென்சிலை வாங்கிக்கொண்டாள்.
போஜன் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.
முதல் வரியிலிருந்தே
ஆரம்பித்தாள்.