நாலு நாற்பது வரை

போகவேண்டாம் என்று மூன்று பேர் சொன்னார்கள்:
வானிலை அறிக்கை,
தங்கை சசிரேகா,
என் இடது கால்.
கால் கடைசியாகத்தான் வாய் திறக்கும்,
ஆனால் அது சொன்னதுதான் சட்டம்.

இன்று சட்டத்தை மீறினேன்.

வினிபெக்கில், ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
பனி விழாவின் வாசலில்
இறக்கிவிட்டுப் போனது சிறுபஸ்.
திரும்ப வருவது நாலு நாற்பதுக்கு.
ஐந்து நிமிடம் நிற்கும். ஆறாவது நிமிடம் கிடையாது.
என் கொண்டாட்டங்களுக்கு எப்போதும்
இரண்டு பக்கமும் கரை கட்டியிருக்கிறது.
நடுவில் ஓடுகிறேன்.
ஓடுகிறேன் என்றா சொன்னேன்?
இருக்கட்டும். சொல்லுக்குக் கால் வலிப்பதில்லை.

மைனஸ் இருபத்தாறு.
வீட்டில் ஐந்து கோடு காட்டிய பற்றரி
இங்கே வந்ததும் மூன்று என்கிறது.
அதற்கும் குளிரும்போல.
மடிப் போர்வையின் ஓரத்தை இழுத்து
அதையும் மூட முயன்றேன், எட்டவில்லை.

பெரிய சக்கரம் எதிலும் ஏறிவிடும்.
முன்னால் இருக்கிற சின்னதுதான் அடம்பிடிக்கும்,
பனியைக் கண்டால் மூக்கைப் புதைத்துக்கொள்ளும்.
பாதை முழுக்க வைக்கோல் போட்டிருக்கிறோம் என்று
தொலைபேசியில் சொன்ன பெண் பொய் சொல்லவில்லை.
வைக்கோல் இருந்தது.
அதற்குமேல் நேற்றிரவின் பனியும் இருந்தது.

கூடாரத்துக்குள் ஃபிடில்.
பலகைத் தளம் அதிர அதிர
பூட்ஸ் காலோடு ஆடுகிறார்கள்.
ஓரமாய் நிறுத்தி
மோட்டார்ப் பூட்டை விடுவித்தேன்.
தளம் என்னை ஆட்டியது:
அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே,
டயர் வழியாக ஏறி
முதுகெலும்பில் தாளம்.
இது ஆட்டமில்லை என்பவர்
அடிக்கோலோடு வரலாம்.

வெளியே
பனித் தொட்டியில் மேப்பிள் பாகு ஊற்றுகிறான் எத்தியென்,
மீசையில் உறைபனி, வயது பதினேழு இருக்கும்.
கம்பிப் பதம் தாண்டி, பல்லைப் பிடிக்கும் பதம்.
குச்சியில் சுற்றி எடுக்கவேண்டும்.
என் விரல்கள் மூடாது.
நான் சுற்றித் தரட்டுமா என்றான்.
வேண்டாம்.
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குச்சியை நிறுத்தி
மோர் கடைவதுபோல் கடைந்தேன்.
வந்தது ஒரு காக்காய்க் கூடு.
பாதி குச்சியில், பாதி கழுத்துச் சால்வையில்.
வரிசையில் பின்னால் நின்றவர்கள்
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நல்லவர்கள்.

பிறகு, பனிக் காட்டெருமை.
மாடி வீடு உயரம்.
எல்லோரும் அண்ணாந்து கொம்பைப் படம் பிடிக்க
நான் நேரே வயிற்றுக்கடியில் போய்ப் புதைந்தேன்.
தள்ளட்டுமா?
தள்ளட்டுமா?
நாலு பேர் கேட்டு, தள்ளி, சோர்ந்து போனார்கள்.
ஐந்தாவது ஆளிடம் சொன்னேன்:
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது பொய்யாகத்தான் தொடங்கியது.

உள்ளே, கவிழ்த்த வாளியில் குந்தியிருந்தாள் ஒருத்தி,
கையில் சூப் கரண்டி.
வயிற்றைச் சுரண்டுகிறாள்.
என்ன செய்கிறாய்?
உண்ணி, என்றாள்.
எருமைக்கு உண்ணி இருக்காதா?
ஒன்று, பத்து, இருபது,
வெள்ளை வயிற்றில் வெள்ளை உண்ணிகள்.
நிற்பவர்களுக்குத் தெரியாதே?
தெரியாதுதான், என்று அடுத்ததைத் தொடங்கினாள்.

வயிறு என் தலைக்குமேல் ஒரு சாண்.
முழங்கையை மற்றக் கையால் தூக்கி
கையுறை முட்டியால் ஒரு குத்து.
உண்ணி இல்லை அது, உண்ணி விழுந்த பள்ளம்.
அவள் எட்டிப் பார்த்து
கரண்டியால் சுற்றிலும் ஒரு வட்டம் கீறினாள்.
இருபத்தொன்று, என்றாள்.

நாலு முப்பத்தாறு. ஒரு கோடு.
அவளும் எத்தியெனும் ஆளுக்கொரு பக்கம் தூக்க
வைக்கோலும் பனியும் தெறிக்க வாசல் வந்தேன்.
பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதம்.
அது தாமதிக்கலாம், நான்தான் கூடாது.

எப்படி இருந்தது என்று ஓட்டுநர் கேட்டார்.
சால்வையில் உறைந்திருந்த மிச்சப் பாகை
அப்போதுதான் கடித்திருந்தேன்.
மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டிக்கொண்டன.
இடது கால் ஆரம்பித்தது,
சொன்னேனே, கேட்டாயா என்று.
பேசட்டும்.
வாயில் பாகு.
யாருக்கும் பதில் சொல்ல முடியாது.