இடது முன்கை

லிஸ்பனில் ஒன்பது மணி நேரம்.
நாக்கில் பாதியை எடுத்துவிட்டு
இடது முன்கைத் தோலை வெட்டி
அந்த இடத்தில் தைத்தார்கள்.
நான்கு மாதம் கழித்து ஹோர்த்தாவுக்குத் திரும்பினாய்,
கழுத்தில் துணியும்
பையில் ஒரு வலை முகமூடியுமாக.
கதிர்வீச்சுக்குப் படுக்கும்போது
உன்னை மேசையோடு சேர்த்துப் பூட்டிய முகமூடி.
தூக்கிப் போடு என்றேன்.
பட்டறையில் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் மாட்டினாய்.
இப்போது அதற்குள் கயிற்றுத் துண்டுகள், ஒரு டார்ச்.

முதலில் போனது இனிப்பு.
காப்பியில் ஐந்து கரண்டி போட்டுப் பார்த்தாய்.
ஆறாவதற்குக் கை போகவில்லை.
ரொட்டி, நனைந்த அட்டை.
மாட்டிறைச்சி, பேட்டரி முனையை நக்கியது போல.
தண்ணீரும் கசந்தது, தண்ணீரும்.

உப்பு தானாகவே வந்தது.
பீக்கோ தீவுக்குப் போகும் படகில்
எஞ்சின் அறையை விட்டு மூச்சு வாங்க மேலே வந்தவன்
அலை தெறித்த உதட்டை நக்கினாய்.
உடனே எனக்குப் போன்.
இரைச்சலில் புரியவில்லை.
மூன்று முறை சொன்னாய், ஒரே சொல்.
மீன்கடை வரிசையில் நின்று அழுதேன்.
என் முறை தாண்டிப் போய்விட்டது.

எர்மெலிண்டா என்பதில்
உன் நாக்கு ஏற முடியாத படிகள் உண்டு.
இப்போது நான் 'மெ'.
ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிறான் என்று
உன் தங்கை சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.
நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பார்கள்.
உன்னுடையதில் பாதிக்கு நிஜமாகவே நரம்பில்லை, வால்டெமார்.
அது ஒவ்வொரு சொல்லுக்கும் யோசிக்கிறது.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
விழுங்கப் பழகுவதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள்.
வாய் திறக்கப் பழகுவதற்கு இன்னொன்று:
மரக்குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்க வேண்டும்,
இன்று பதினொன்று, அடுத்த வாரம் பன்னிரண்டு.
முத்தத்துக்கு எத்தனை குச்சி என்று
யாரும் எழுதித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய், ஓராண்டு.
உள்ளங்கையில் ஊதி
வாய் நாறுகிறதா என்று நீ முகர்ந்து பார்ப்பது
இருட்டில் எனக்குக் கேட்கும்.
எச்சில் ஊறாத வாய்.
நமக்கு நடுவில் தண்ணீர் பாட்டில்,
புரண்டால் அதுவும் புரளும்.
நானும் யோக்கியமில்லை.
ஒரு முறை நீ நெருங்கியபோது
அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போனேன்.
அணைந்துதான் இருந்தது.
கால் சில்லிடும்வரை அதன் முன்னால் நின்றேன்.

வியாழக்கிழமை வந்து நாக்கை நீட்டினாய்.
என்னவோ குத்துகிறது என்று சைகை.
விளக்கடியில் பார்த்தால், முடி.
கறுப்பாக, சுருண்டு, இரண்டு.
புருவம் திருத்தும் சாமணத்தால் பிடுங்கினேன்.
வலிக்கிறதா?
தலையாட்டினாய், இல்லை.
வெயிலில் கறுத்திருந்த தோல்
உள்ளே வெளுத்துக் கிடந்தது.
இந்தத் தோலை எனக்குத் தெரியும்.
கடைசிப் படகின் பெஞ்சில்
என் கன்னம் இருபத்து மூன்று வருடம் தூங்கிய இடம்.
இத்தனை நாள் எங்கே போயிற்று என்று
உன் முழங்கைக்குக் கீழே, தழும்பில்,
தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்,
விழுங்கவில்லை முழுவதையும்.
மதியம் பாறைச் சிப்பியைப்
பூண்டும் வெண்ணெயுமாகச் சுட்டுத் தின்றிருந்தேன்
தனியாக,
நீ பார்க்காதபோது.

வெகுநேரம் கழித்து வாயை எடுத்தாய்.
கண்ணை மூடி, எதையோ
தொலைவிலிருந்து அடையாளம் காண்பவன் போல.

வெண்ணெய் கூடிப்போச்சு, என்றாய்,
மெ.