கரும்பலகைக் கறுப்பு

குரோம் பெயிண்ட்டைப் பிடிக்காது என்றான் மின் ஸோ.
பொய் சொல்லப் பழகாத பிள்ளை மாதிரி
நிற்கும், நிற்கும்,
ஒருநாள் மொத்தமாக உரிந்து கொட்டிவிடும்.
முதலில் அதன் முகத்தைக் கீறு, அக்கா.

நானூறாம் நம்பர் உப்புத்தாள்,
ஒரு வாளித் தண்ணீர், சோப்புத் துண்டு.
மட்கார்டில் தொடங்கினேன்.
முதல் தேய்ப்பில் என் மூக்கு போயிற்று.
அடுத்ததில் பின்னாலிருந்த கொடி,
கொடியில் காய்ந்த லுங்கி,
மாடிவீட்டுக்காரியின் பாதி ஜன்னல்.
எதுவும் தெரியாத ஒரு சாம்பல் வந்ததும்
நிறுத்தினேன்.

அழகர் பார்த்தால் அழுதிருப்பார்.
மியாவடியிலிருந்து மலையிறக்கிக் கொண்டுவந்த வண்டி.
காகிதம் கிடையாது, நம்பர் கிடையாது,
மோல்மீனில் இதற்குப் பேர் வித்தவுட்.
ஞாயிறு காலை முழுக்க
பற்பசை வைத்துத் துடைப்பார்.
தன் பல்லுக்குக்கூட அவ்வளவு செலவழித்ததில்லை.
இப்போது தாய்லாந்தில், மஹாசாயில்
இறால் உரிக்கிறார்.
விரல் நுனியெல்லாம் வெந்துபோச்சு என்கிறார்,
அடுத்த மூச்சில்
வண்டி எப்படியிருக்கு என்கிறார்.

மினுங்குகிறது, அதுதான் அதன் மேல் வழக்கு.
எட்டு மணிக்கு மேல் முடோன் சாலையில்
யாராவது டார்ச் அடித்தால்
ஹேண்டில்பாரிலிருந்து சைலன்ஸர் வரை
இதோ இருக்கிறேன், இதோ இருக்கிறேன் என்கிறது.
பையில் கையுறை, நூல், கத்திரி,
இரண்டு பாட்டில் சலைன்.
ரப்பர் தோட்டத்தில் வலி கண்டவளுக்கு
எட்டு மணியாவது ஒன்பதாவது.

கடைவீதியில் கறுப்பு தீர்ந்துவிட்டது.
மூன்று கடையிலும்.
பகோடாவுக்குப் பூசும் பொன்னிறம் இருக்கிறது,
வெள்ளி வேண்டிய மட்டும் இருக்கிறது.
கறுப்பு டப்பா அடுக்கியிருந்த தட்டில்
தூசி படியாத வட்டங்கள்.
யார் யார் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை,
உனக்கு எதற்கு என்று கடைக்காரனும்.

மனோரஞ்சிதம் டீச்சரிடம் அரை டப்பா இருந்தது,
கரும்பலகைக்கு அடிப்பது.
பள்ளிக்கூடம் திறந்ததும் வாங்கித் தருகிறேன் என்றேன்.
திறந்ததும், என்றாள் அவளும்.

இரண்டு பூச்சு. கரண்ட் இல்லாத மத்தியானத்தில்
தாழ்வாரத்துக் காற்றில் காயவிட்டேன்.
சைலன்ஸரில் மட்டும் நிற்கவில்லை,
முதல் கிலோமீட்டரிலேயே புகைந்து
கருகல் நாற்றம் வந்தது.
அதற்குத் தோட்டத்துச் செம்மண் சேறு போதும்.
இந்த ஊர் மழையில் சேற்றுக்குப் பஞ்சமில்லை.

மறுநாள் சாயங்காலம் பார்க்கிறேன்,
பின் மட்கார்டில் சாக்பீஸ்.
வீட்டில் இளவஞ்சி, பள்ளிப் பதிவேட்டில் சூ வே,
ஏழு வயசு.
கறுப்பைப் பார்த்தால் கை நிற்குமா?
பர்மிய எழுத்தில் ஏழு, மூன்று, சைபர், ஒன்பது.
சுற்றிலும் ஒரு கட்டம்.
என்னடி இது?
நம்பர் இல்லாட்டிப் பிடிப்பாங்களாமே.

அழிக்கத் துணியைத் தேடிக்கொண்டிருந்தபோதே
தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.
அப்படியே கிளம்பினேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பையன்.
தோளில் இருந்தது அவனைவிடக் கனம்.
டார்ச்சைப் பின்னால் கொண்டுபோய்
உதடசைத்துப் படித்தான்.
ஏழு. மூன்று. சைபர். ஒன்பது.
எந்தப் பள்ளிக்கூடத்தில் எதுவரை படித்தானோ,
விரலால் ஒன்பதின் வாலைத் தொட்டு
விரலைப் பார்த்தான்.
வெள்ளை.
போ, என்றான்.

அங்கே போய்ச் சேர்வதற்குள் மழை
நம்பரை அழித்திருந்தது.
ஆண் பிள்ளை. கொடி சுற்றியிருந்தது, ஆனால் அழுதது.

ஞாயிற்றுக்கிழமை அழகர் வீடியோவில் வந்தார்.
வண்டியைக் காட்டு என்றார்.
காட்டினேன்.
கிட்டக் கொண்டுபோ என்றார், கொண்டுபோனேன்.
ஒண்ணுமே தெரியலையே, இருட்டா இருக்கே?

கரண்ட் இல்லைங்க, என்றேன்.

நிஜமாகவே இல்லை.