பதினாறு டி

சோலையப்பன் கேட்டது டிக்கெட் இல்லை, ஜன்னல்.
"மதுரையிலிருந்து மெட்ராஸ் போகிற விமானத்தில்
நேமத்தான்பட்டி தெரிகிற மாதிரி ஓரிடம் போடு, ராவியத்."

முதல் பீட்டில் என் கடை.
பதினோரு வருஷமாக உட்கார இடம் விற்கிறேன்.
கால் நீட்ட வசதி கேட்பார்கள்,
கழிப்பறைக்குப் பக்கம் கேட்பார்கள்,
சிங்கப்பூர் போகும் பையன்கள் ஒன்றுமே கேட்பதில்லை.
நான் பறந்தது ஒரே தடவை: ஜித்தாவுக்கு,
ராத்திரியில், நடு இடத்தில்.

அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்,
இரண்டு பூட்டிலும் கோர்ட் அரக்கு.
பங்காளிகள் நாற்பத்தியொரு பேர்.
நாற்பது பேரைப் பெயர் சொல்லித் திட்டுவார்.
மிச்சமிருப்பவர் "அந்தப் பொம்பளை":
சித்தப்பா மகள் உமையாள்,
பெண்ணுக்கும் பங்குண்டு என்று வழக்குப் போட்டவர்.
"உள்ளே போகத்தானே தடை வாங்கினாள்.
மேலே போக வாங்கவில்லையே."

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
காலையில் வரும்போது வேண்டாம்,
கிழக்கு ஜன்னலில் வெயில்தான் உட்கார்ந்து வரும்.
வாய்தா முடிந்து திரும்பும் நாலேகால் விமானம்.
வலப்பக்கம்.
சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால்
விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
பெரிய விமானத்தில் பாதி வரிசைக்குக் கீழே
இறக்கை பாய் விரித்துப் படுத்திருக்கும்,
ஒரு ஜில்லாவே அதற்கடியில் போய்விடும்.
சிலவற்றில் ஜன்னலோரம் என்று பெயர்,
உட்கார்ந்தால் வெறும் சுவர்.
விசிறி வைத்த சின்ன விமானம்தான் உங்களுக்கு.
அதற்கு இறக்கை மேலே, குடை மாதிரி.
முன்னால் உட்கார்ந்தால் விசிறி மறைக்கும்,
நடுவில் சக்கரக் கால் மறைக்கும்.
ஆக, பதினாறு டி.
பிரான்மலை வந்ததும் கண்ணாடியில் மூக்கை வையுங்கள்,
ஊரணிகளை எண்ணிக்கொண்டே போங்கள்.
யுத்தகாலத்து ஓடுதளம் ஒன்று
முள்ளுச்செடிக்குள் கோடு கிழித்தாற்போல் கிடக்கும்,
அது தெரிந்தால் ஊர் தப்பாது.
ஊர்தான். வீடு தெரியாது.
அதையும் சொல்லிவிட்டேன்.

"நாலு வளவு, வரிசையாக நாலு சதுரம்," என்றார்.
"எனக்குத் தெரியும்."

மறுநாள் போன். உமையாள்.
"அவருக்கு எந்த இடம்?"
சொல்லக்கூடாது என்றேன்.
"பதினாறாமே. ஊரெல்லாம் சொல்லியாச்சு.
பக்கத்து இடம் காலியா?"
பதினேழு டி காலி ஆச்சி, அதே காட்சிதான்,
தனி ஜன்னல்.
"வேண்டாம். அவர் பார்ப்பதைத்தான் நான் பார்க்கணும்.
நாளைக்கு ஒன்றை இரண்டாகச் சொல்வார்."

ஆக, பதினாறு சி.

பிறகு நடந்ததை இரண்டு விதமாகக் கேட்டேன்.
அவர் சொன்னது:
பிரான்மலை வரை சுத்தம்,
அப்புறம் மேகம், கிழித்துப்போட்ட பஞ்சு,
பஞ்சுக்கு நடுவே ஒரே ஒரு பளிச்.
நம் முற்றம். மழைத்தண்ணீர் நிற்கிறது.
ஓடு சரிந்து தூம்பு அடைத்திருக்கும்,
ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லணும்.
அவர் சொன்னது:
முற்றமாவது. ஊரணி.
அது பள்ளத்தூராகக்கூட இருக்கலாம்.
இவ்வளவு பெரிய தலையை ஜன்னலில் வைத்தால்
யாருக்கு என்ன தெரியும்?
(இரண்டாவது அவர், உமையாள்.)

அரியலூர் தாண்டும்வரை வாக்குவாதம்.
பணிப்பெண் இரண்டு பேருக்கும்
தண்ணீர் கொடுத்தாளாம்.

ஆனி மாதம் அடுத்த வாய்தா.
சோலையப்பன் எழுதினார்:
"அதே ஜன்னல். அவள் பக்கத்தில் வேண்டாம்."
ஒரு மணி நேரம் கழித்து:
"போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் இருக்கட்டும்."

நான் இன்னும் போடவில்லை.
மேகம் குறைந்த தேதியா என்று
வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் உமையாளிடமிருந்து ஒரு கேள்வி:
பைனாகுலரைக் கைப்பையில் விடுவார்களா?

விடுவார்கள் என்று பதில் போட்டேன்.