பதினோரு லிட்டர்

ஜூன் கடைசியில் நகரி ரோட்டில்
கூழ் ஆலைகள் கொட்டையைத் துப்பத் தொடங்கும்.
கிளிமூக்கு மாங்காயின் சதை டின்னுக்குள் ஏறி
துறைமுகம் பார்க்கப் புறப்பட்டுவிடும்.
கொட்டை எங்கே போகும்?
ஏரிக்கரைக்குப் போகும், ஈயோடு.
போன வருஷத்திலிருந்து என் ஷெட்டுக்கும் வருகிறது,
லோடுக்கு முன்னூறு, இறக்குகூலி தனி.

காயவைத்து, நொறுக்கி,
காற்றுப் புகாத உருளைக்குள் ஐந்நூறு டிகிரி.
எரியவிடக் கூடாது. உடையவிட வேண்டும்.
ஆவி குழாய்க்குள் ஓடிக் குளிர்ந்து
கறுப்பாய்ச் சொட்டும்,
நூறு கிலோவுக்கு நாற்பத்தைந்து லிட்டர்.
பில்லில் "எண்ணெய்" என்று எழுதினேன்.
எழுதும்போதே கை கொஞ்சம் கூசியது.

முதல் பீப்பாயைச் சாயப்பட்டறை பாய்லருக்கு
வாங்கிப்போன மொகிலப்பா
மூன்றாம் நாள் பம்பின் உட்சக்கரத்தைத்
துணியில் சுற்றிவந்து மேசைமேல் வைத்தார்.
பித்தளை. ஓரமெல்லாம் எலி கடித்தாற்போல்.
"ஏம்மா தேசம்மா,
எண்ணெய் கேட்டா புளியக் கரைச்சுக் குடுத்திருக்கியே."

லிட்மஸ் தாளும் அதைத்தான் சொன்னது.
மிச்சப் பீப்பாய் மழை முடிவதற்குள்
பாகு காய்ச்சி மறந்த சட்டியாகி
நட்ட கரண்டி நின்றது.
தண்ணீர் குடித்து வளர்ந்தது
நெருப்புக்குள் போயும்
தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தது.

குஜராத்திலிருந்து இரண்டு மூட்டை வரவழைத்தேன்.
ஜியோலைட். வெள்ளைக் குச்சிகள்,
உடைத்த சேமியா மாதிரி.
விலையைக் கேட்டு மஸ்தான் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான்.
ஒவ்வொரு குச்சியிலும் கோடித் துளை,
எல்லாம் ஒரே அளவு,
கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
ஆவியை அதன் வழியாக விட்டோம்.

சொட்டியது ஜாடியில் இரண்டாகப் பிரிந்தது:
கீழே தண்ணீர்.
மேலே தேன் நிறத்தில், மெலிதாய்,
பெட்ரோல் பங்க் வாசனையோடு ஒன்று.
கத்த வேண்டும் போலிருந்தது.
கத்துவதற்கு முன் அளந்துவிட்டேன்.
பதினோரு லிட்டர்.
மிச்சமெல்லாம் தண்ணீராய், காற்றாய்,
அந்தக் குச்சிகள்மேல் கரியாய்.

புத்தூர்ப் பள்ளியில் தெலுங்கில் படித்தேன்: உத்ப்ரேரகம்.
திருத்தணியில் படித்த அண்ணன் புத்தகத்தில்: வினையூக்கி.
இரண்டும் ஒரே பொய்யைத்தான் சொல்லின.
வினையில் கலந்துகொள்ளும், தான் மாறாது.
எழுதியவர் யாரும்
ஐந்தாவது ஓட்டம் முடிந்து
குழாயின் மூடியைத் திறந்து பார்த்ததில்லை.
சேமியா கருகியிருக்கும்.
துளை அடைத்துப் புளிப்பு மறுபடி எட்டிப்பார்க்கும்.

கொட்டைக்குக் கொடுக்காத காற்றை
இதற்குக் கொடுக்க வேண்டும். மெதுவாக, ராமுழுக்க.
கரி எரிந்து போகும்.
சூடு எல்லை தாண்டினால் துளையே இடிந்துவிடும்
என்று மஸ்தானும் நானும் மாறிமாறி
முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.
விடியும்போது வெள்ளை.
முழு வெள்ளை இல்லை.
ஒவ்வொரு தரமும் ஒரு பிடி தூளாகிச்
சல்லடைக்குக் கீழே போகிறது.
எடைபோட்டுத் தனி நோட்டில் எழுதுகிறேன்.

நேற்று மொகிலப்பா வந்தார்.
மூடியைத் திறந்து மோந்தார். விலை கேட்டார். சொன்னேன்.
அவருடைய பம்புச் சக்கரம் இன்னும் என் மேசையில்தான்,
பில்கள் பறக்காமலிருக்க.
கடிபட்ட ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே
"டீசல்ல கலந்து பாக்குறேன், ஒரு கேன் குடு" என்றார்.
பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
பதினொன்றில் ஐந்து போனது.

வெளியே லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.
"ரா, ரா, இங்கா ரா" என்று மஸ்தான் கையசைக்க,
சுவரில் இடித்துவிட்டு
டிரைவர் தமிழில் திட்டினான்.