வெள்ளிக்கிழமை எண்ணெய்

ராஜா வரவில்லை. வாள் வந்தது,
பல்லக்கில், பட்டுத் தலையணைமேல்.
வைகாசி. வெண்ணாறு வெறும் மணல்.
தூக்கிகள் கால் சுட ஓடி வந்தார்கள்.

அப்பா பாளையக்காரர்.
எண்பது வேல், இரண்டு குதிரை, அதிலொன்று நொண்டி.
தலைமதகு யாருடையது என்று
மூன்று வருஷம் அரண்மனையோடு வழக்கு.
தீர்ப்பு நான்தான்.

கைப்பிடியில் சுற்றி எடுத்த மஞ்சள் கயிற்றை
என் கழுத்தில் கட்டியது யார் கையோ.
நகத்தில் மை இருந்தது. கணக்கராக இருக்கும்.
ஓலையும் அந்தக் கைதான் எழுதியது:
பெண் சுமங்கலியாய் இருக்கும்வரை
மதகு பாளையத்துக்கு.
பேரம் மோசமில்லை என்றாள் அம்மா.
அவளைக் கொடுத்தது ஓர் ஏரிக்கு,
அதுவும் தூர்ந்த ஏரி.

தஞ்சாவூரில் நாலாம் கட்டு.
ஒரே சன்னல், அகழியைப் பார்த்து.
வாள்கட்டி வந்தவர்கள் என்னோடு பதினோரு பேர்.
ராஜா இரண்டு தடவை வந்தார்.
மராட்டியில் ஏதோ கேட்டார், தூங்கினார்.
குறட்டைக்கு மட்டும் துபாஷி வேண்டியதில்லை.
வாள்தான் மூலையில் நின்றது, எப்போதும்.
வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டேன்.
வேறு யாரைத் தொட?

தரங்கம்பாடிக் கோட்டைத் தலைவன் மனைவி
ஒருநாள் அந்தப்புரம் பார்க்க வந்தாள்.
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
கப்பத்தைக் குறைக்கச் சொல்லிப் புருஷன் வெளியே நின்றான்.
துபாஷியின் பெண்டாட்டி எங்கள் நடுவில்.
வாளைக் காட்டிச் சொன்னேன், சிரிப்பாள் என்று.
சிரிக்கவில்லை.

அவள் சீமையில் ஒரு ராஜகுமாரி, பதினாலு வயசு.
மாப்பிள்ளை எங்கோ சண்டையில்.
தூதன் வந்தானாம். ஊரே பார்க்க
ஒரு காலை முழங்கால்வரை உரித்து
அவள் மெத்தைமேல் வைத்து எடுத்தானாம்.
அவ்வளவுதான், கல்யாணம் செல்லும்.
இரண்டு கோட்டையும் ஒரு துறைமுகமும் கைமாறின.

"அந்தக் கால் குளிர்ந்திருந்ததா?" என்று கேட்டேன்.
துபாஷி பெண்டாட்டி அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.
ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.
போகும்போது வாளுக்கு ஒரு கும்பிடு போட்டாள்,
மச்சானுக்குப் போடுவதுபோல.

ராஜா மார்கழியில் போனார்.
தத்துப்பிள்ளைக்கு ஆறு வயசு.
சிம்மாசனத்தில் கால் எட்டாமல் பலகை வைத்தார்கள்.
நாலாம் கட்டுக்கு
வெள்ளைச் சேலை பதினொன்று வந்தது,
பின்னாலேயே மந்திரி, மதகு ஓலையை வாங்க.

வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
"நான் கட்டிக்கொண்டது இவரை.
உங்கள் ஓலைதான் சாட்சி.
துருவில்லை. முனை மழுங்கவில்லை.
என் புருஷனுக்கு என்ன கேடு, சொல்லுங்கள்."
மந்திரி பண்டிதர்களைப் பார்த்தார்.
பண்டிதர்கள் உத்தரத்தைப் பார்த்தார்கள்.

வேம்பாயி என்கூடச் சிரித்தாள்,
பிறகு அவளே போய் வெள்ளை உடுத்திக்கொண்டாள்.
பிள்ளைக்கு மானியம் தருவதாகச் சொன்னார்களாம்.
அவளை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது எனக்கு ஒருவேளைச் சோறு.
சன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று.
ஆனால் ஆடி பிறந்தால்
தலைமதகு திறக்க என் முத்திரை கேட்டு ஆள் வருகிறான்.
அண்ணனும் எழுதுகிறான்:
தங்கச்சி, செத்துகித்துப் போகாதே,
கிளைவாய்க்கால் வெட்டு பாதியில் நிற்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை.
அளந்து தருவது அரையாழாக்கு நல்லெண்ணெய்.
தலைக்கு வைக்கவில்லை.